படிக்கிணற்றுக்கு எடுத்த அரிசி

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என் கால பத்தி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீறியா?" என்று சண்டைக்கு வருவாள். ஆனால் அவள் காலைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த வயதிலும் அந்தக் கிணறு ஞாபகம் வந்தால் முதலில் எனக்கு வருவது கோபம்தான். துக்கம் அதற்குப் பிறகு வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஊரில் பாதிப்பேர் தறி போடுகிறவர்கள், பாதிப்பேர் ஏர் பிடிக்கிறவர்கள். எங்கள் வீட்டில் ஏர், அவள் வீட்டில் தறி. வீட்டுக்குள் தமிழ் பேசுவோம், சந்தையில் தெலுங்கு பேசுவோம், சண்டை வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது நாங்கள் அதற்குள் இருந்தோம். ஆனால் அது முடிந்த விஷயம் இல்லை, எல்லை இன்னும் தீரவில்லை, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கு அது மழை வருமா வராதா என்பது மாதிரி ஒரு பேச்சு. நாங்கள் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தோம்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளக் கொட்டகை. போர்டு பள்ளிக்கூடம், தமிழில்தான் பாடம், எட்டாவது வரைக்கும் உண்டு. கூரை ஓலை. மழை பெய்தால் நாலாவதும் ஐந்தாவதும் எங்கள் பக்கம் ஒண்டிக்கொள்ளும். பின்னால் ஒரு படிக்கிணறு. கயிறு வேண்டாம், குடம் வேண்டாம். கல் படி வழியாக இறங்கிப் போனால் தண்ணீர் காலைத் தொடும். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கலாம். எந்தக் கோடையிலும் வற்றாது. ருசியான தண்ணீர். பாதி ஊர் அங்கேதான் குடம் கொண்டு வரும். மத்தியானம் மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் ஆடு மாடு மாதிரி அந்தப் படியில் இறங்குவோம்.

நாங்கள் ஆறாவது படித்த வருஷம், பங்குனி வெயிலில், அவள் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. முதலில் நெருப்புப் பட்டது போல எரிகிறது என்றாள். பிறகு கொப்புளம் உடைந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக, நூல் போல ஒன்று எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி என்கிற புழு. அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை, ஒவ்வொரு கோடைக்கும் நாலைந்து வீட்டில் யாராவது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் என் வயதுப் பெண்ணுக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல். அவள் அம்மா ஒரு துடைப்பக் குச்சியில் அந்த நூலைச் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்றுவாள். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். தறிக்காரர் வீட்டில் நூலைச் சுற்றும் கை நிதானமான கை.

பரீட்சைக்கு அவள் வரவில்லை. எரிச்சல் தாங்காமல் நொண்டி நொண்டி வந்து கிணற்றுப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இருப்பாள். தண்ணீருக்குள் விட்டால்தான் எரிச்சல் அடங்குகிறது என்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக் காட்டுவேன். தலைமை வாத்தியார் இரக்கப்பட்டு அவளை ஏழாவதுக்குத் தள்ளிவிட்டார். அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அப்போதெல்லாம் எட்டாவது பரீட்சையில் தேறினால் டீச்சர் டிரெயினிங்குக்குப் போகலாம். அவள் அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எட்டாவது வரிக்கும் பாக்கறேன். பாஸ் பண்ணா படிக்கட்டும். தவறிச்சுன்னா ஊட்லயே குந்தி நூல் சுத்தட்டும்." கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் கை போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடை முடிவதற்குள் சித்தூரிலிருந்து ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். அரைக்கால் சட்டை போட்ட தெலுங்கு மனிதர். கிணற்றைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்த அவள் காலைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் சொன்னார். இந்தப் புழு வெளியே எட்டிப் பார்க்கும்போது காலைத் தண்ணீரில் வைத்தால், அது அந்தத் தண்ணீரில்தான் குட்டி போடும். அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு வருஷம் வளர்ந்து அடுத்த கோடையில்தான் வெளியே வரும். "மெட்லு மூசேயண்டி" என்றார் வாத்தியாரிடம். படியை மூடிவிடுங்கள். யாரும் கால் வைக்காதபடி சுற்றிச் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டு, இறைத்துக் குடியுங்கள். அதுவரைக்கும் துணியில் வடிகட்டிக் குடியுங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவள் மெதுவாகக் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

துணியில் வடிகட்டச் சொன்னதை ஊர் கொஞ்ச நாள் கேட்டது. வீட்டில் குடத்து வாயில் துணி கட்டினார்கள். பிறகு துணி கிழிந்தது, மறந்தது. பள்ளிக்கூடத்தில் யார் வடிகட்டுவார்கள்? பிள்ளைகள் இறங்குவார்கள், அள்ளுவார்கள், குடிப்பார்கள். நானும் அவளும் மட்டும் பாவாடை நாடாவில் ஒரு துண்டுத் துணி முடிந்து வைத்திருந்தோம். அதைக் கை மேல் விரித்துத்தான் குடிப்போம். மற்றதுகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

படியை மூடக் கல்லும் சுண்ணாம்பும் ஒரு மேஸ்திரியும் வேண்டும். தலைமை வாத்தியார் புத்தூருக்குப் போய் ஆபீசில் கேட்டார். அங்கே இருந்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டே, "சரிஹத்து தேலனிவ்வண்டி, தருவாத சூத்தாம்" என்றாராம். எல்லை தீரட்டும், பிறகு பார்ப்போம். நாளைக்கு மெட்ராஸ்காரன் எடுத்துக்கொண்டு போகப் போகிற பள்ளிக்கூடத்துக்கு இவன் எதற்குக் கல் வைக்க வேண்டும்? சரி, அந்தப் பக்கம் கேட்கலாமென்றால், ஊர் இன்னும் ஆந்திராவில்தானே இருக்கிறது, நாங்கள் எப்படிச் செலவு செய்வது என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பேரும் எங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது புத்தகங்களில் எழுதுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்து ஒருத்தரும் இழுக்கவில்லை. பந்தியில் இரண்டு பேருக்கு நடுவில் கிடக்கிற இலை யாருடையது என்று தெரியாமல், பரிமாறுகிறவன் சோறு போடாமல் தாண்டிப் போவது மாதிரி தாண்டிப் போனார்கள்.

பள்ளிக்கூடம் திறந்ததும், நாமே வசூல் பண்ணலாம் என்று ஏழாவதும் எட்டாவதும் சேர்ந்து முடிவு செய்தோம். ஒரு பால் டப்பாவில் மேலே ஓட்டை போட்டு, ‘பள்ளிக்கூடக் கிணறு’ என்று காகிதம் ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சனி, ஞாயிறு சுற்றினோம். நாங்கள் கிளம்பிய நேரம் சரியில்லை. அந்த வருஷம் எல்லைக்காக இரண்டு பக்கத்திலும் கூட்டம், ஊர்வலம், வசூல். டப்பாவைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதுதான் நினைப்பு. ஒரு டீக்கடையில் ஒருத்தர் எங்களை நிறுத்தினார்.

"எந்த கட்சி வசூலு? தமிழுக்கா, தெலுங்குக்கா?"

"கெணத்துக்குங்க."

"கெணறு இன்னா பாஷ பேசுது?"

கடையே சிரித்தது. இன்னொரு வீட்டில், தெலுங்கு பேசுகிறவர்கள், எங்கள் டப்பாவில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில், தமிழ் பேசுகிறவர்கள், "ஊரு மெட்ராசுக்கு வந்தா அவனே கட்டுவான், போங்க" என்றார்கள். டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்டது, அதுவே பெரிய காரியம். மாதம் முழுக்க நடந்து சுண்ணாம்புக்குக்கூடச் சேரவில்லை. நான் டப்பாவைத் தூக்கி எறியப் போனேன். அவள்தான் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு புரட்டாசி வந்தது.

அவள் அம்மா கோடையிலேயே திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குக் கால் நல்லபடி ஆகிவிட்டால், புரட்டாசி சனிக்கிழமையில் அவளே நாமம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்து, அதை மலைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறேன் என்று. இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் வேண்டுதல் என்றால் செம்பில் நாமம் இட்டு, துளசி சுற்றி, தெருவில் கோவிந்தா போட்டுப் பிச்சை கேட்கத்தான் வேண்டும். கால் ஆறிவிட்டிருந்தது. அவள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, நெற்றியில் நாமத்தோடு, செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தனியாகப் போக வெட்கம். நாங்கள் நாலு பெண்கள் துணைக்குப் போனோம்.

ஒரு தெரு முடிவதற்குள் செம்பு நிறைந்துவிட்டது. நாங்கள் வாயைப் பிளந்தோம். டப்பாவைப் பார்த்துக் கதவைச் சாத்திய அதே வீடுகள். அதே ஆட்கள், குளித்துவிட்டு, வாசல் தெளித்துக் காத்திருந்து, இரண்டு கையாலும் அரிசி போட்டார்கள், அதன் மேல் ஒரு காசும் வைத்தார்கள். போட்டுவிட்டு எங்களைக் கும்பிட்டார்கள். இப்படியே கிணற்றுக்கும் கேட்டுவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை எட்டாவது பையன்களும் நாமம் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேளம் வேண்டும் என்று ஒருத்தன் தகர டின் கொண்டு வந்தான். "கோவிந்தா! கோபாலா!" என்று கத்திக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் போனோம். சில வீட்டில், இது பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு என்றும் சொன்னோம். சொன்ன வீட்டிலும் அவர்கள் காதில் விழுந்தது கோவிந்தாதான். அவள் மட்டும் கோவிந்தா தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரிசியையெல்லாம் அவள் வீட்டில், தறிக்குழிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கோணி மூட்டையில் கொட்டினோம். முதல் நாள் அவள் செம்பில் வாங்கியதும் அதில்தான், பையன்கள் கொண்டு வந்ததும் அதில்தான். யாருக்கும் வேறாகத் தோன்றவில்லை. அரிசிதானே. அந்த மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் இப்போது நம்ப மாட்டீர்கள். தூங்கப் போகும்போது ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம்கூடக் காதில் கேட்டது.

மூட்டை நிரம்பியதும், தலைமை வாத்தியார் மேஸ்திரியைக் கூட்டி வந்து கிணற்றைக் காட்டினார். அரிசியைப் புத்தூரில் விற்றால் போதும், வேலையை ஆரம்பிக்கலாம் என்றார் மேஸ்திரி. மூட்டையைத் தூக்க நாங்கள் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா மூட்டை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது சாமி அரிசி. இத எடுத்து கல்லு வாங்குவீங்களா? எம் பொண்ணு கால வாங்கிடாதா அது?"

"கெணத்துக்கும் சேத்துதானே வாங்கினோம், அத்த" என்றேன்.

அந்த அம்மா குனிந்து, மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "எது சாமி அரிசி, எது கெணத்து அரிசின்னு நீயே பொறுக்கிக் குடு கண்ணு. நீ பொறுக்கினத எடுத்துக்கினு போ." கேலிக்குச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர். அந்த அம்மா நிஜமாகவே பயந்து போயிருந்தாள்.

பஜனைக் கோயிலில் ஊர் கூடியது. பேசுவதற்கு என்ன இருக்கிறது, கோவிந்தா போட்டு வாங்கியது கோவிந்தனுக்கு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். தலைமை வாத்தியார் எழுந்து, பாதியை மலைக்கும் பாதியைக் கிணற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று மென்று விழுங்கினார். "சாமிகிட்டயே பாதி பங்கு கேக்கறீங்களா சார்?" என்று ஒருத்தர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். அவர் திருத்தணிப் பக்கத்து மனிதர். எல்லை எப்படி விழுந்தாலும் பொல்லாப்பு இல்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தார். என் நைனா, அதாவது அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து கத்தினேன். இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். இந்த வருஷம் குடிக்கிற தண்ணீர் அடுத்த வருஷம் புழுவாக வரும், அடுத்த வருஷம் அவளுக்கு எட்டாவது பரீட்சை என்று சொன்னேன். "யாரு வேணும்னாலும் சொல்லட்டும், அவளக் கேளுங்க, அவ காலுதானே" என்று அவளைப் பார்த்தேன்.

அவள் தலை குனிந்து, பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "சாமிதுதான்" என்றாள். "நான் கோவிந்தான்னுதானே கேட்டேன்."

அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் நான் நைனாவுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். அவர் பின்னாலிருந்து சொன்னார், "அந்த பொண்ணு மனசுக்கு எது தைரியமோ அத செய்யட்டும் வுடு." எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

அரிசியை விற்று வந்ததை மஞ்சள் துணியில் முடிந்து, ஐப்பசியில் மலைக்குப் புறப்பட்டார்கள். பிச்சை எடுத்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்றதால் நானும் போனேன். புத்தூரில் ரயில் ஏறி, ரேணிகுண்டாவில் மாறி, திருப்பதியில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். அந்தச் சத்திரத்து முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. நாங்கள் அதற்கு முன் குழாய் பார்த்ததில்லை. அவள் அதைத் திருகினாள், தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. மறுபடி திருகினாள். இடுப்பிலிருந்து துண்டுத் துணியை எடுத்து விரிக்கப் போனாள், பிறகு தண்ணீரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

"இன்னா தெளிவு பாருடி" என்றாள் என்னிடம். ஒரு வாரத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. தங்க வந்தவர்களுக்கு இவ்வளவு தண்ணீர் கொடுக்கிறார்களே, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்க நினைத்தேன். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படி ஏறினோம். ஆறின காலோடு அவள் எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறினாள். நடுநடுவே திரும்பிப் பார்த்து, காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். கோயிலுக்குள் உண்டியல் முன்னால் கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. அவள் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் கைய வைடி" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் ஒரு கணம் காத்திருந்தாள். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவளே போட்டுவிட்டாள். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

பங்குனி போனது, சித்திரை போனது, கால் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரில் வேறு ஏழெட்டுப் பேருக்கு வந்தது. அவர்கள் வழக்கம் போல எரிச்சலுக்குக் கிணற்றுப் படியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவளுக்கு மட்டும் வரவில்லை. அவள் அம்மா என்னைத் தெருவில் நிறுத்தி, "பாத்தியா கண்ணு?" என்று கன்னத்தைத் தடவினாள். போன வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தபின் துணி வைத்து வடிகட்டிக் குடித்தாளே, அதனால் இருக்கலாம் என்றேன். "எல்லாம் அவன் செயலு" என்றாள்.

அந்தக் கோடையில்தான் அவள் துணியை விட்டாள். ஒரு மத்தியானம் படியில் நான் என் துணியை விரித்தபோது, அவள் வெறும் கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். "எங்கடி துணி?" என்றேன். "இன்னுமா அத கட்டிக்கினு கீற? சாமிக்கு குடுத்துட்டு அப்பறமும் வடிகட்டினா, அவர நம்பலன்னு ஆயிடாதா?" என்றாள். இரண்டு படி மேலே ஒரு கிழவர் காலில் குச்சி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இறங்குவதற்காக நாங்கள் வழிவிட்டோம். சண்டை போட்டேன், துணியைக் கிழித்துப் பாதி கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள், எனக்காக. அவ்வளவுதான்.

எட்டாவதில் அவள்தான் வகுப்பில் முதல். கணக்கு எனக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பரீட்சை புத்தூரில். பங்குனி பிறந்தது. பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, முழங்காலுக்குள் ஏதோ குத்துகிறது என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த முறை கொப்புளம் முழங்கால் மடிப்பில் வந்தது. பரீட்சைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவள் அம்மா அவசரப்பட்டாள், அல்லது அவளே அவசரப்படுத்தினாள். நூல் அறுந்தது. முழங்கால் பானை மாதிரி வீங்கியது. பரீட்சை அன்று காலையில் மாட்டு வண்டி கட்டி அவளை ஏற்றப் பார்த்தார்கள். காலைத் தொட்டதும் அவள் போட்ட அலறலில் மாடு மிரண்டது. "இறக்குங்க" என்று அவள் அப்பா சொன்னார். நாங்கள் மற்றவர்கள் அதே வண்டியில் போனோம். அவள் வீட்டைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அம்மா வாசலில் நின்று திருப்பதி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சையில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் தேறிவிட்டேன்.

சீழ் வடிந்து ஆறக் கார்த்திகை ஆயிற்று. ஆறிய பிறகு முழங்கால் மடங்கவில்லை. மடங்காத காலோடு தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது. நூல் சுற்ற முடியும். காலை முன்னால் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு சுற்றினாள். அவள் அப்பா சொன்னது போலவே ஆனது. சொன்னோமே என்று அவருக்கே தாங்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கமே அவர் திரும்ப மாட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் எல்லை தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். தலைமை வாத்தியார் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நான் அப்போது நகரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றித் தோரணம் கட்டியிருந்தது. சித்தூரிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கை தட்டச் சொன்னார்கள். ஒருத்தர் தெலுங்கில் நீளமாகப் பேசினார். பிறகு ராட்டினத்தில் கயிறு போட்டு ஒரு வாளி இறைத்தார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் ஒரு குடம் இறைத்துத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பின்கட்டில் இருந்தாள். அவள் கூடத்தில் காலை நீட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ராட்டையை நிறுத்திவிட்டுக் குடித்தாள்.

"ருசி ஒண்ணும் மாறலியே" என்றாள்.

"அதே தண்ணிதானே."

"படியெல்லாம் இன்னா பண்ணாங்க? பேத்து எடுத்துட்டாங்களா?"

"இல்ல. உள்ளயே கீது. எறங்கற வாய மட்டும் கல்லு வச்சு அடச்சுட்டாங்க. சுத்தி ஒரு சின்ன செவுரு. ஒரு ராட்டினம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

டம்ளரைக் கீழே வைத்தாள். நீட்டியிருந்த காலைக் கையால் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பின்கட்டில் அவள் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவ்ளோதான் வேலைன்னு எங்கம்மாகிட்ட சொல்லாதடி" என்றாள்.